குமிழி மாளிகையின் ஓடு: 2.4 மீட்டர் குமிழி ஒன்றைக் கட்டும் முறையும் கடற்காற்றில் அதைப் பழுதுபார்ப்பதும்

பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டினின் கடலோரக் குமிழி மாளிகையைப் படத்தில் பார்ப்பவர்களின் கண் நேராக அந்த வட்ட ஜன்னல்களுக்குத்தான் போகும். அதே மாதிரி ஒன்றைக் கட்ட இறங்குபவர் பார்க்க வேண்டியது ஜன்னலைச் சுற்றியுள்ள விளிம்பை. மெல்லிய சிமென்ட் ஓடு தாங்குவதும் தவறுவதும் அந்த விளிம்பில்தான். இங்கே 2.4 மீட்டர் உள்விட்டமுள்ள ஒரே ஒரு அரைக்கோளக் குமிழியை எடுத்துக்கொண்டு, கம்பி வளைப்பது முதல் துருப்பிடித்த ஓட்டுப்பகுதியை மாற்றுவது வரை எழுதியிருக்கிறோம். மாளிகையின் வரலாறும் கூடவே வரும். ஏனென்றால் அந்த வீட்டின் உருவமே அதைக் கட்டிய முறையிலிருந்து பிறந்தது.

மாளிகை இருப்பது தெற்கு பிரான்ஸில், கான் நகருக்குப் பக்கத்து தியூல்-சுர்-மேர் என்ற ஊரில். எஸ்தெரெல் மலைத்தொடரின் செம்பாறைச் சரிவு அது. கீழே மத்தியதரைக் கடல். கார்டின் பெயரிலேயே அறியப்பட்டாலும் அதைக் கட்டச் சொன்னவர் அவர் இல்லை. பியேர் பெர்னார் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபர் கேட்டார். ஹங்கேரியில் பிறந்த ஆன்ட்டி லோவாக் வடிவமைத்தார். வேலை 1975-இல் தொடங்கி 1989 வரை நீண்டது. பெர்னார் இறந்த பிறகு, 1992-இல் கார்டின் அதை வாங்கினார். 1954-இலேயே குமிழி உடையைத் தைத்துப் பெயர் வாங்கியவர் கையில் இந்த வீடு போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். என்றாலும் கட்டுமானத்துக்கான பெருமை லோவாக்குக்கும், பதினான்கு ஆண்டுகள் பொறுமையாகப் பணம் போட்ட பெர்னாருக்கும்தான் சேர வேண்டும்.

சுமார் 1,200 சதுர மீட்டர் பரப்பு, பத்துப் படுக்கையறைகள், நீச்சல் குளங்கள், கடலைப் பார்த்தபடி 500 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கு. இத்தனைக்கும் நேர்க்கோட்டுச் சுவர் என்று ஒன்று அங்கே கிடையாது. நேர்க்கோட்டை இயற்கைக்கு எதிரான முரட்டுத்தனமாகவே லோவாக் கருதினார். அவர் தன்னைக் கட்டடக்கலைஞர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வசிப்பிடத்தை ஆராய்பவன் என்றே சொன்னார். எல்லாக் கோணத்தையும் வரைபடத்தில் முடித்துவிட்டு மனைக்கு வருவது அவர் வழக்கமில்லை. இரும்புக் கம்பியை வளைத்து வெறும் கூடாக நிறுத்துவார். அதற்குள் நடந்து பார்த்து, கண்ணுக்கும் உடம்புக்கும் ஒத்துவரும்வரை நகர்த்துவார். பிறகுதான் வலை, அதற்குப் பிறகு சிமென்ட். கூடு கம்பியாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம், சாந்து ஏறிய பிறகு எதையும் மாற்ற முடியாது. இந்த வேலையின் மொத்த ஒழுங்கும் இதுதான்.

கம்பி வலையில் சிமென்ட் சாந்தை அழுத்தி மெல்லிய ஓடு செய்யும் வித்தையும் அதே மண்ணில் பிறந்ததுதான். பக்கத்து வார் மாவட்டத்தின் மிராவாலில் ழோசெஃப்-லூயி லாம்போ 1848-இல் இப்படி ஒரு படகு செய்தார். 1855-இல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். இன்று நாம் ஃபெரோசிமென்ட் என்று சொல்வது அதன் வழிவந்தது. மாளிகை அளவுக்கு வேலை என்றால் சாந்தை இயந்திரத்தால் பீச்சியடிப்பார்கள். ஒற்றைக் குமிழிக்கு அது வேண்டாம், கையால் அழுத்துவதே நல்லது.

அடித்தளமும் கூடும்

2.4 மீட்டர் உள்விட்டம் என்றால் அடிச்சுற்றளவு 7.54 மீட்டர், ஓட்டின் பரப்பு 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 90 செ.மீ. விட்டத்தில் ஒரு வாசலும் 60 செ.மீ. விட்டத்தில் ஒரு ஜன்னலும் விட்டால் மிஞ்சுவது 8.1 சதுர மீட்டர். ஓட்டின் கனம் 35 மி.மீ. முடிந்த ஓடு 650 முதல் 700 கிலோ இருக்கும். இதற்கு 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் வளைய அடித்தளம் போதும், கான்கிரீட் 0.7 கன மீட்டர் பிடிக்கும். கூட்டின் கால்கம்பிகளை நிறுத்திக் கட்டிவிட்டுத்தான் இந்தக் கான்கிரீட்டைப் போட வேண்டும். காய்ந்த அடித்தளத்தில் துளையிட்டுக் கம்பி செருகினால், கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பது அந்தத் துளைகளாகத்தான் இருக்கும்.

செங்குத்துக் கம்பிகளுக்கு 8 மி.மீ., கிடைவளையங்களுக்கு 6 மி.மீ. அடியில் 31 செ.மீ. இடைவெளியில் 24 கால்கள் வரும். எல்லாக் கம்பியையும் உச்சிவரை கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடக்கவிட்டால் உச்சியில் கைக்கனத்துக்கு இரும்பு முண்டு நிற்கும், 35 மி.மீ. ஓட்டுக்குள் அது மறையாது. அதனால் இரண்டே இரண்டு முழு வில்கள்தான் உச்சியில் குறுக்காகக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் 4.4 மீட்டர் நீளம். மீதி இருபதும் 2 மீட்டர்த் துண்டுகள். அவை உச்சியில் 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தோடு நின்றுவிடும். வாசலுக்கும் ஜன்னலுக்கும் தலா இரட்டை வளையம் 8 மி.மீ. கம்பியிலேயே. ஒட்டு நீளம் (கம்பிமேல் கம்பி ஏறும் நீளம்) எல்லாம் சேர்த்து 8 மி.மீ. கம்பி 60 மீட்டர், அதாவது 24 கிலோ.

கிடைவளையங்கள் வளைவின்மீது அளந்தால் 25 செ.மீ. இடைவெளி. கீழ் நான்கையும் இரட்டையாகப் போடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. அரைக்கோளம் தன் எடையைத் தாங்கும்போது உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 பாகைவரை கிடைத்திசையில் அழுத்தம். அதற்குக் கீழே இழுவிசை. நம் குமிழியில் அந்த எல்லை தரையிலிருந்து 74 செ.மீ. உயரத்தில் வருகிறது. சிமென்ட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. எடை சிறியதுதான், ஆனால் உலரும்போது வரும் சுருக்கமும் வெயில் சூடும் அதே இடத்தில் சேர்ந்துகொள்ளும். கவிகைகளின் அடிப்பகுதியில் செங்குத்து விரிசல் வருவதற்கு இதுவே காரணம். வாசலையும் நாம் சரியாக இந்த இழுவைப் பகுதியில்தான் வெட்டுகிறோம். வளையங்களுக்கு 6 மி.மீ. கம்பி 72 மீட்டர், 16 கிலோ.

வடிவம் பிசகாமல் இருக்க நடுவில் ஒரு குழாயை நட்டு, அதில் சுழலும்படி 1.2 மீட்டர்க் கைக்கம்பி ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். அதன் முனை தொடும் இடமெல்லாம் கோளத்தின் உள்முகம். கோளம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லோவாக்கின் குமிழிகளும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து நீண்டும் சப்பையாகவும் போகும். ஆனால் சப்பையாக்கினால் உச்சியில் வளைவிசை வரும், கனத்தையும் கம்பியையும் கூட்ட வேண்டியிருக்கும். முதல் ஓட்டுக்கு உண்மையான கோளமே பாதுகாப்பு.

வலை

அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலை, உள்ளே ஒரு அடுக்கு, வெளியே இரண்டு அடுக்கு. கணக்கு இப்படி: கம்பிகள் 14 மி.மீ., மூன்று வலை 6 மி.மீ., ஆக 20. மீதி 15-இல் உள்ளே 5, வெளியே 10 மி.மீ. சாந்து மூடும். உள்நாட்டில் வெளியேயும் 5 போதும் என்று விடலாம். கடல் தெரியும் தூரத்தில் 10-க்குக் குறையக் கூடாது.

தட்டையான வலை கோளத்தில் படியாது. ரவிக்கையின் தோளில் துணி படிய தையல்காரர் டார்ட் பிடிப்பது போலத்தான் இதிலும் செய்ய வேண்டும். 1 மீட்டர் அகலச் சுருளிலிருந்து 1.9 மீட்டர் நீளத்தில் எட்டு இதழ்கள் வெட்டுங்கள். அடியில் 94 செ.மீ. தேவை, மீதி 6 செ.மீ. ஒட்டுக்கு. மேலே போகப் போக அகலம் குறைந்து முனையில் கூராகும். அப்படியும் ஓரங்கள் தூக்கும். இரு ஓரங்களிலும் நான்கைந்து இடத்தில் 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிக் கட்டினால் படிந்துவிடும். மூன்று அடுக்குக்கு 24 இதழ்கள், சுருளில் 46 மீட்டர். வெளி அடுக்குகள் இரண்டின் ஒட்டும் ஒரே கோட்டில் வரக் கூடாது, அரை இதழ் தள்ளிப் போடுங்கள். அறுகோணக் கோழிவலை எளிதாகப் படியும் என்பது உண்மை. ஆனால் இழுத்தால் அது நீளும், விரிசலைப் பிடித்து நிறுத்தாது. வாசல் விளிம்பின் நெளிவுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பூச்சில்லாத கருப்புக் கம்பியோடு துத்தநாகம் பூசிய வலையைச் சேர்த்துக் கட்டுவது பலர் செய்வது. ஈரச் சாந்துக்குள் இரண்டும் மின்கலம் போல வேலை செய்து ஹைட்ரஜன் குமிழ்களை விடும். வலையைச் சுற்றிச் சாந்து பொதபொதவென்று நிற்கும். எல்லாம் கருப்பு, அல்லது எல்லாம் துத்தநாகப் பூச்சு என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உப்புக்காற்றுக்குப் பின்னதே நல்லது.

கட்டுக்கம்பியால் 15 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. முறுக்கி வெட்டிய பிறகு அந்த வால் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாலை 10 மி.மீ. சாந்து மூடினால், அதன் நுனிக்கு மேல் இருப்பது 2 மி.மீ. பூச்சுதான். ஈரம் அங்கே போய்ச்சேர்ந்து, ஓட்டின் மேல் மிளகளவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். பிறகு அதைச் சுற்றிக் காசளவுக்குச் சில்லு பெயரும், உள்ளே வலை தெரியும். மொத்தக் குமிழியில் இப்படி நூற்றுக்கணக்கான வால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் குறடால் உள்நோக்கி மடக்குவது சலிப்பான வேலை, ஆனால் ஓட்டின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் வெறும் உள்ளங்கையால் கூட்டின் வெளிப்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய வால் கைக்குத் தப்பாது.

சாந்து

எடையில் சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, தண்ணீர் சிமென்டில் 0.40 பங்கு. ஒரு கலவைக்கு 25 கிலோ சிமென்ட், 50 கிலோ மணல், 10 லிட்டர் தண்ணீர். சேதாரத்தோடு ஒன்பது கலவை பிடிக்கும்: 225 கிலோ, 450 கிலோ, 90 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தைக் கழிக்க மறக்காதீர்கள். 4 சதவீத ஈரம் என்றால் 50 கிலோவில் 2 லிட்டர் ஏற்கெனவே இருக்கிறது; ஊற்ற வேண்டியது 8 லிட்டர்தான். இதைக் கவனிக்காமல் 10 ஊற்றினால் விகிதம் 0.48-க்குப் போய்விடும். உறைந்த சாந்துக்குள் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணையும், உப்பு அந்த வழியாக உள்ளே நடக்கும். கலவை இறுக்கமாகத் தோன்றினால் தண்ணீரைத் தொடாமல், சிமென்ட் எடையில் 1 சதவீதத்துக்குள் பிளாஸ்டிசைசர் (சாந்தை இளக்கும் மருந்து) சேர்க்கலாம். மணலை 2.36 மி.மீ. சல்லடையில் சலித்துக் கழுவ வேண்டும். அரை அங்குலக் கண்ணுள்ள மூன்று வலைகளைத் தாண்டிப் பெரிய கல் போகாது; வழியில் நின்று பின்னால் பொந்து உண்டாக்கும். கடற்கரை மணல் கூடவே கூடாது.

செந்நிறம் வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடு நிறமி, சிமென்ட் எடையில் 5 சதவீதத்துக்குள். மாளிகையின் செம்மண் சாயல் எஸ்தெரெல் பாறையோடு ஒன்றிப்போவதைப் பார்த்தால் நிறத்தை ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும்.

பூசுவதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் வெளியிலிருந்து கரண்டியால் அழுத்த, மற்றவர் உள்ளே பலகையைப் பிடித்துக்கொண்டு சாந்து வலையைத் தாண்டிப் பிதுங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பூசினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். கம்பிக்குப் பின்னால் பொந்து விழுவது இப்படித்தான். உப்புத்தாள் கழற்றிய சாண்டர் இயந்திரத்தை வெளிப்பக்கம் லேசாக வைத்தால் அதிர்வில் சாந்து இறங்கிப் பொந்தை நிரப்பும். அடியிலிருந்து வளையம் வளையமாக மேலே ஏறி, ஒரே நாளில் உச்சியை மூடுவதே நோக்கம். முடியாவிட்டால் கிடைவளையம் ஒன்றில் நிறுத்துங்கள். மறுநாள் அந்த விளிம்பைச் சுரண்டி நனைத்து, சிமென்ட் பால் தடவித் தொடருங்கள்.

வாசல், ஜன்னல் விளிம்புகளில் மட்டும் 10 செ.மீ. அகலத்துக்குக் கனத்தை 60 மி.மீ. ஆக்க வேண்டும். வெட்டப்பட்ட கம்பிகளின் விசையைச் சுற்றிக் கொண்டுபோவது இந்தத் தடித்த வளையம். இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. குமிழியில் கூரை வேறு, சுவர் வேறு இல்லை. உச்சியில் விழுந்த மழை முழுவதும் முகத்தில் வழிந்து ஜன்னலின் மேல் உதட்டில் வந்து சேரும். உதட்டின் அடியில் 10 மி.மீ. அகலச் சொட்டுக்காடி ஒன்றை ஈரச் சாந்திலேயே கீறிவிட்டால் தண்ணீர் அங்கே அறுந்து விழும். இல்லையென்றால் உள்ளே திரும்பும்.

பூச்சு முடிந்த சில மணி நேரத்தில் நனைந்த சாக்கும் அதன்மேல் பாலிதீனும். குறைந்தது 14 நாள் ஈரம் காயக் கூடாது. 35 மி.மீ. ஓடு இரண்டு பக்கமும் உலரும். கடற்காற்று அதை இன்னும் விரைவாக்கும். முதல் நாளிலேயே தலைமுடி போன்ற விரிசல் வலைபின்னியது போல வந்தால், காற்றுத் தடுப்புப் போதவில்லை என்று அர்த்தம்.

ஜன்னல்

வட்ட அக்ரிலிக் கவிகை சிமென்டைவிட ஏழு மடங்கு போல விரிவடையும். 60 செ.மீ. அகலத்தில் 50 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 2 மி.மீ. அசைவு. சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, அசைய இடம்விட்டு முடுக்குங்கள். இறுக்கினால் முதல் வெயிலில் துளையிலிருந்து நட்சத்திரம் போல் வெடிக்கும். அடைப்புக்கு நியூட்ரல் சிலிகான்தான். வினிகர் நாற்றம் அடிக்கும் சாதா சிலிகானின் அமிலம் சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து பிடியை விடும். துடைக்க ஆல்கஹாலும் வேண்டாம், தின்னரும் வேண்டாம், அக்ரிலிக்கில் நுண்கீறல் விழும். மெல்லிய ஓடு இரவில் சட்டென்று குளிர்ந்து உட்புறம் வியர்க்கும். அடியில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாகக் காற்றுத் துளை கட்டாயம்.

கடலோரத்தில் பழுது

குமிழி மாளிகையும் புதுப்பிப்பிலிருந்து தப்பவில்லை. ஒடீல் டெக் என்ற கட்டடக்கலைஞர் பொறுப்பில் நடந்த புதுப்பிப்பு 2016-இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் டியோர் நிறுவனம் தன் உடை அணிவகுப்பை அங்கே நடத்தியது. பிற்பாடு 350 மில்லியன் யூரோ விலை சொல்லி விற்பனைக்கு விட்டபோது வீடு உலகச் செய்தியானது. கார்டின் 2020 டிசம்பரில் இறந்தார். விலையைப் பற்றி எழுதியவர்கள் பராமரிப்பைப் பற்றி எழுதவில்லை. வளைந்த மெல்லிய ஓட்டில் நேர்க்கோட்டுக் கட்டடத்தின் பழுதுபார்ப்பு முறை அப்படியே பொருந்தாது. அதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வகை வீட்டை வைத்திருப்பவருக்குத் தேவை.

முதலில் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். சாக்கட்டியால் சுற்றி வரையுங்கள். ஒரு சில்லைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தில் 1 சதவீத ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறினால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரம் உயிரோடு இருக்கிறது. நிறம் மாறவில்லை என்றால் காற்றின் கரியமிலவாயு அதுவரை போய்விட்டது, கம்பிக்குக் காவல் இல்லை. ஆனால் சிவப்பைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. உப்பு இந்தச் சோதனையில் தெரியாது. தூளை எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளக்க வேண்டும். சிமென்ட் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் காரம் இருந்தும் துரு தொடங்கும்.

தடித்த கான்கிரீட்டில் கம்பியின் பின்னால் 20 மி.மீ. வரை குடைந்து சுத்தம் செய்வது வழக்கம். 35 மி.மீ. ஓட்டில் அப்படிக் குடைந்தால் மறுபக்கம் வந்துவிடும். அதனால் மேலோட்டமாக ஒட்டுப்போடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, கெட்ட பகுதியை ஜன்னல் போல முழுக்க வெட்டி எடுங்கள். எல்லைக்கோட்டை இயந்திர ரம்பத்தால் 5 மி.மீ. ஆழத்துக்கு நேர்வெட்டாகக் கீறிக்கொண்டு, உள்ளே உளியால் உடைக்க வேண்டும். காகிதம் போல மெலிந்த ஓரத்துக்குச் சாந்து இழுத்துவிட்டால் ஒரு வருடத்தில் உரியும். பழைய வலை சுற்றிலும் 15 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி சாந்தை மட்டும் தட்டி எடுத்து, புதிய வலையை அதன்மேல் ஏற்றிக் கட்டுங்கள். 8 மி.மீ. கம்பியில் குழிகுழியாகத் துரு இருந்தால் கம்பித்தூரிகை போதாது. குழிக்குள் உப்பு தங்கும். நன்னீரை அழுத்தத்தோடு அடித்து, காய்ந்ததும் துகள்வீச்சில் (காற்றழுத்தத்தில் துகளை அடிப்பது) உலோகத்தின் வெண்ணிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குறுக்களவு கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி, இருபுறமும் 40 செ.மீ. ஒட்டு.

எல்லாம் சரியாகச் செய்தும் பழுதுபார்த்த இடத்தைச் சுற்றி மோதிரம் போலப் புதிதாகத் துரு வருவது உண்டு. பழுதுபார்த்தது மோசம் என்று நினைப்பார்கள், காரணம் நேர்மாறானது. புதுச் சாந்துக்குள் இருக்கும் கம்பி இப்போது நன்றாகக் காக்கப்படுகிறது. அதே கம்பி ஓரத்தைத் தாண்டி உப்பேறிய பழைய சாந்துக்குள் போகிறது. முன்பு அரித்துக்கொண்டிருந்த இடம் தன்னை அறியாமல் பக்கத்தை மின்வேதியல் முறையில் காத்துவந்தது. அதை நீக்கியதும் அரிப்பு ஓரத்துக்கு நகர்கிறது. எனவே வெட்டும்போதே பொத்தென்ற ஒலியின் எல்லையில் நிற்காமல், குளோரைடு அளவு குறையும் இடம்வரை போக வேண்டும். அது முடியாத இடத்தில், விளிம்பையொட்டி உள்ளே கம்பியோடு துத்தநாக நேர்மின்வாய்த் துண்டுகளைக் கட்டுங்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

நிரப்புவதற்கு முந்தைய நாளே பழைய சாந்தின் ஓரத்தை நனைத்து ஊறவிடுங்கள். பூசும்போது அது ஈரம் குடித்திருக்க வேண்டும், மேலே தண்ணீர் பளபளக்கக் கூடாது. பின்னால் பலகை கொடுத்து அதே 1:2 சாந்தை அழுத்தி, 14 நாள் நனைத்து, 28 நாள் ஆன பிறகே மேற்பூச்சு. மூச்சுவிடக்கூடிய, நெகிழும் சிமென்ட் பூச்சாக இரண்டு தடவை, ஒன்றுக்கொன்று குறுக்காக. உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும் எண்ணெய்ப் பெயின்ட் இந்த ஓட்டுக்கு எமன். பூச்சைப் பழுதுபார்த்த இடத்தின்மேல் மட்டும் அடித்தால் வெயில் இரண்டு இடத்தையும் வேறுவேறாகச் சுடும், நிறமும் திட்டாகத் தெரியும். அந்தக் குமிழியை அடியிலிருந்து உச்சிவரை முழுக்க அடித்துவிடுங்கள்.